துருவுக்குத் திறப்பு விழா தெரியாது

கங்கைக் கரைக் கிராமம் ஒன்றில் ஆர்சனிக் நீக்கும் ஆலை அமைக்க வேண்டுமா? முதலில் கல்வெட்டு செய்யக் கொடுத்துவிடுங்கள். பெயர்ப் பட்டியல் நீண்டால் கல்லையும் நீட்டிக்கொள்ளலாம். அடுத்தது, அடிபம்பின் பக்கத்தில் ஓர் இரும்பு உருளையை நிறுத்தி, உள்ளே இரும்பு ஆக்சைடுத் துகள்களைக் கொட்டி, வெளியே ஊதா நிறம் அடிக்க வேண்டும். ரிப்பன் வெட்டிய கையோடு, முதல் குவளைத் தண்ணீரை மாண்புமிகுவின் உதட்டருகே கொண்டுபோய்ப் படம் எடுத்துவிட வேண்டும். அவர் குடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்குத்தான் ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே.

அவ்வளவுதான். ஆலை அமைந்துவிட்டது. அரசு அறிக்கையில் ஓர் எண் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்த உருளைக்குள் இருந்து என்ன தண்ணீர் வருகிறது என்று பார்ப்பது வளர்ச்சிக்கு எதிரானவர்களின் வேலை.

உருளைக்குள் போன இரும்போ, பாவம், இந்த நாட்டின் நடைமுறை தெரியாதது. போட்ட நிமிடத்திலிருந்தே வேலையைத் தொடங்கிவிடும். இரும்பு துருப்பிடித்தால் ஆர்சனிக் அதன் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தப் பிடிப்பு வேதியியல் படித்தவர்களுக்கெல்லாம் நெடுங்காலமாகத் தெரியும். ஆர்சனேட் வடிவில் இருந்தால் உடனே பிடிபடும். ஆர்சனைட் வடிவில் இருந்தால் கொஞ்சம் போக்குக் காட்டும். பிளீச்சிங் பவுடர் போட்டு அதை ஆர்சனேட்டாக மாற்றிக்கொண்டால் போதும். பாஸ்பேட் அதிகமுள்ள தண்ணீரில் இடத்துக்குப் போட்டி வரும், அப்போது இரும்பைக் கூட்ட வேண்டும். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. உருக்காலைகளும் சுரங்கங்களும் தங்கள் கழிவுநீரில் இரும்பு உப்பைக் கலந்து இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒழுங்காக நடக்கும் ஆலையில் ஷிப்டுக்கு ஆள் உண்டு, கசடுக்குத் தனி இடம் உண்டு, தினமும் சோதிக்க ஆய்வகம் உண்டு. செம்பு உருக்கிய தண்ணீருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, குழந்தை குடிக்கும் தண்ணீருக்குக் கிடைப்பதில்லை.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாகா, கிராமத்து நோயாளிகளின் உள்ளங்கையிலும் உடம்பிலும் இருந்த புள்ளிகளைப் பார்த்து, இது ஆர்சனிக் என்று கண்டது 1983-ல். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1980-களின் கடைசியிலிருந்து ஊர் ஊராகப் போய்த் தண்ணீரையும் முடியையும் நகத்தையும் சோதித்துக் கத்தினார். எல்லைக்கு அந்தப் பக்கம், பங்களாதேசத்தில், காலராவும் வயிற்றுப்போக்கும் கொல்லும் குளத்து நீர் வேண்டாம், குழாய்க்கிணறு போடுங்கள் என்று 1970-களிலிருந்து யூனிசெஃபும் அரசும் சொல்ல, மக்கள் நம்பிப் போட்டார்கள். போட்ட கிணறுகளில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பிறகு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஏறத்தாழ 14 லட்சத்துக்கு, குடிக்கக் கூடாது என்று, சிவப்புச் சாயம் பூசினார்கள். சாயம் பூசியது சாதனை. சிவப்புக் கிணற்றுக்காரர் நாளைக்கு எதைக் குடிப்பார் என்பது அடுத்த திட்டத்தின் பொருள்.

அங்கே ஆய்வுக்குப் போன பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனத்தையும் மறக்கக் கூடாது. 1992-ல் நிலத்தடி நீரில் என்னென்னவோ சோதித்தது, ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவரின் வழக்கு லண்டன் வரைக்கும் போனது. 2006-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: அந்தத் தண்ணீரைக் குடித்தவர்மீது நிறுவனத்துக்குக் கவனக் கடமை எதுவும் கிடையாது. சட்டப்படி மிகச் சரியாகவே இருக்கலாம். தேடாதவன் கண்டுபிடிக்கவில்லை என்று யார் குறை சொல்ல முடியும்? இந்த நியாயம் மட்டும் நம்மூர் அதிகாரிகளுக்கு முன்பே தெரிந்திருந்தால், கோப்புகளைத் தொலைக்கும் சிரமம் மிச்சமாகியிருக்கும்.

சரி, தீர்வு இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. பங்களாதேசத்துக் கிராமங்களில் மூன்று மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரும்புத் துருவலும் மணலும் கரியும் போட்டு வடிகட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் குஷ்தியாவின் சோனோ வடிகட்டி. அதை உருவாக்கிய அபுல் ஹுசாம் 2007-ல் அமெரிக்கப் பொறியியல் அகாதெமியின் 10 லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசைப் பெற்றார். பணத்தின் பெரும்பகுதியை வடிகட்டிகள் கொடுக்கவே ஒதுக்கினார். நம்ம சென்னை ஐஐடியில் பிரதீப் குழுவினர் இரும்பு ஆக்சி ஹைட்ராக்சைடை நானோ அளவில் செய்து மேற்கு வங்கம் வரை அனுப்பியிருக்கிறார்கள். பழைய ஆணித் துருவிலிருந்து நானோ வரை இரும்பு எல்லா உருவத்திலும் வந்து நின்று, வேலை கொடுங்கள் என்கிறது.

கொடுத்த வேலையின் லட்சணத்தைப் பார்க்கலாம். கொல்கத்தாவுக்குத் தெற்கே பாருய்பூர் வட்டாரத்தில் ‘தொழில்நுட்பப் பூங்கா’ என்று பெயர் வைத்து, 11 தயாரிப்பாளர்களின் 19 ஆலைகளை நிறுவினார்கள். ஜாதவ்பூர் குழு இரண்டு ஆண்டுகள் விடாமல் தண்ணீரைச் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் கடைசி வரை நின்ற ஆலை ஒன்றுகூட இல்லை. அன்றைய இந்திய வரம்பான 50-க்குள் நின்றவை இரண்டே இரண்டு. ஆய்வு முடிந்த பிறகு பெரும்பாலானவை ஓடவே இல்லை. பூங்கா என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

இரும்பு தோற்றுவிட்டதா? வடிகட்டித் துகளில் ஆர்சனிக் ஒட்ட இடம் இருக்கும்வரைதான் அது ஒட்டும். இடம் நிரம்பினால் துகளை மாற்ற வேண்டும். அழுக்கு அடைத்தால் தண்ணீரைத் தலைகீழாக விட்டுக் கழுவ வேண்டும். மாதா மாதம் ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த மூன்றுக்கும் ரிப்பன் கிடையாது, புகைப்படம் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. ஆகவே மூன்றையும் யாரும் செய்வதில்லை. தேங்காய் உடைத்து வாங்கிய பேருந்துக்கு டீசல் போட மறுத்துவிட்டு, இன்ஜின் சரியில்லை என்று சொல்லும் கூட்டம் இது.

கசடைப் பற்றிச் சொன்னால் இன்னும் வயிறெரியும். கழுவிய செந்நிறக் கசட்டில்தான் பிடித்த நஞ்செல்லாம் இருக்கிறது. பராமரிப்பு இல்லாத இடத்தில் அது பக்கத்துக் குட்டைக்கோ வாய்க்காலுக்கோ போகிறது. வங்காளத்து நிலத்தடியில் ஆர்சனிக் வெளிப்பட்டதே எப்படி? காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் துருவைக் கரைத்தன. துரு பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் நீரில் கலந்தது. குட்டைச் சேற்றிலும் காற்றில்லை. அங்கேயும் அதே துரு, அதே நுண்ணுயிர், அதே கரைப்பு. பூமி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்ததைப் பொதுச் செலவில் மறுபடி செய்துகாட்டுகிறோம்.

வரம்பு விஷயமும் ஒரு கூத்துதான். உலக சுகாதார நிறுவனம் 1993-லேயே 10 என்றது. பங்களாதேசம் 50-ஐ விடாமல் பிடித்துக்கொண்டது. இந்தியத் தர நிர்ணயம் 2012-ல் 10 என்று எழுதி, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 50 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அன்று எழுதியது. வேறு தண்ணீர் வாங்க வழியில்லாதவர்களுக்கு ஈரல் ஐந்து மடங்கு பலமானது என்ற அரிய மருத்துவ உண்மை இதன்மூலம் நமக்குத் தெரியவந்தது.

பங்களாதேசத்தில் அரசு போடும் புதிய கிணறுகளில் பாதி எங்கே அமைய வேண்டும் என்பதை நாடாளுமன்ற உறுப்பினர்களே சொல்லலாம் என்றிருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2016-ல் அம்பலப்படுத்தியது. நஞ்சில்லாத தண்ணீர் ஆதரவாளர்களின் வீட்டு முற்றம் தேடிப் போனது. அதே அறிக்கை, அந்த நாட்டில் ஆண்டுக்கு 43,000 பேர் ஆர்சனிக் தொடர்பான நோய்களில் சாவதாக ஒரு மதிப்பீட்டை எடுத்துச் சொல்கிறது. ஆர்சனிக்குக்குச் சுவையில்லை, மணமில்லை, நிறமில்லை. நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றாக வர ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் தேர்தல் பல வந்துபோய்விடும். அரசுகளுக்கு இதைவிட வசதியான நஞ்சு கிடையாது.

முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தின் அருப் சென்குப்தா குழுவினர் மேற்கு வங்கக் கிராமங்களில் அமைத்த ஆலைகளை ஊர்க் குழுக்களே மாதச் சந்தா வசூலித்து நடத்தின. பிடித்த நஞ்சைக் குட்டையில் கொட்டாமல் காற்றோட்டமுள்ள மணல் தொட்டியில் சேர்த்துவைத்தன. அதே வங்காளம், அதே தண்ணீர். முக்கியமாக மாறியது, பொறுப்பு யாருடையது என்பதுதான்.

எனவே டெண்டரில் கையெழுத்திடும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஐந்தாம் ஆண்டில் துகளை மாற்ற யார் பணம் தருவார், கசடு எங்கே போகும், தண்ணீரைச் சோதித்த முடிவு எந்தச் சுவரில் ஒட்டப்படும் என்று மூன்று வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே தீருவீர்கள் என்றால், அந்த அடிபம்பிலிருந்தே உங்கள் வீட்டுக்கும் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள்.