பாஸ் ஆன கால்

1991-இல் கார் ஓட்டும் லைசென்ஸ் வாங்க வேண்டியவை இவை: பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வயதுக்கு அத்தாட்சி, ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கார் ஓட்டத் தெரிந்திருப்பது நான்காவது தகுதி. அதை யாரும் அவ்வளவாக வற்புறுத்துவதில்லை.

எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூலில் இருந்தது ஒரே ஒரு அம்பாசடர். கியர், ஸ்டீயரிங்கை ஒட்டிக் கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். பயிற்சி வண்டி என்பதால் இடது பக்கம் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. விதிப்படி அது இருந்தே ஆக வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். "பாத்துக்கிட்டே வாங்க, பாதி வித்தை அதுலயே வந்துரும்" என்பார் மாஸ்டர். பாதிக் கட்டணம் வாங்கிக்கொள்வாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

டெஸ்ட் அன்று எல்லோரும் பெண் பார்க்கப் போகிறவர்களைப் போல இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்திருந்தோம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில், மரத்தடியில், டைப்ரைட்டர்காரர்கள் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் வாகன ஆய்வாளருக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் வந்ததும் முதலில் கேட்டது கை சிக்னல்.

"லெஃப்ட்ல திரும்பணும். கையைக் காட்டுங்க பாப்போம்."

வலது கையை வெளியே நீட்டி, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த, முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். பின்னால் வருபவர் முந்திப் போகலாம் என்றால் கையை முன்னும் பின்னும் அரைவட்டமாக வீச வேண்டும். எல்லாவற்றையும் பிழையில்லாமல் செய்தேன். அம்பாசடருக்குள் உட்கார்ந்து பரதநாட்டியத் தேர்வில் தேறியவன் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்து எட்டு போடுவது. இரவல் வாங்கிய பஜாஜ் எம்80-இல் அதை அலுங்காமல் முடித்தேன். வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் அடித்து வளர்ந்த தலைமுறைக்கு எட்டு ஒரு பொருட்டே அல்ல.

கடைசியாகத்தான் கார். ஒரே வண்டியில் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் பின்சீட்டில், மடியில் காகிதக்கட்டோடு. மாஸ்டர் முன்சீட்டில், தம் வழக்கமான இடத்தில். ஒருவர் ஓட்டி நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தவர் எடுக்க வேண்டும். யாருக்கு எந்த ரோடு வாய்க்கிறது என்பது அவரவர் ஜாதகம். எனக்கு முன்னால் போனவருக்குச் சந்தைத் திருப்பம். எனக்கு வாய்த்தது ஆளில்லாத நேர்ரோடு, அதுவும் லேசான இறக்கம்.

முதல் கியர் போட்டேன். வண்டி பூப்போல நகர்ந்தது. இரண்டாவதும் விழுந்தது. அதுவரை என் வாழ்நாளில் அம்பாசடர் குலுங்காமல் கிளம்பியதே இல்லை. "போதும், நிறுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். நின்றது. பிரேக்கில் என் கால் பட்டதா என்று எனக்கே சந்தேகம். மாஸ்டர் ஜன்னல் வழியாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பாஸ் ஆனது என் காலா, அவர் காலா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. போட்டோ ஒட்டி முத்திரை குத்திய லைசென்ஸ் புத்தகம் மட்டும் என் பெயரில் வந்தது.

பிறகு வேலை கிடைத்துத் திருநெல்வேலி போனேன். அங்கே ஜங்ஷன் அருகே ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது. மேல் தளத்தில் பஸ்ஸும் காரும், கீழ்த் தளத்தில் சைக்கிளும் பைக்கும் போகும். ஆபீஸ் காரோடு மேல் தள ஏற்றத்தில், முன்னால் லாரி, பின்னால் டவுன் பஸ், நடுவில் நான் என்று நின்றபோதுதான் ஹாஃப் கிளட்ச் என்றால் என்ன என்று விளங்கியது. இடது பக்கம் மாஸ்டர் இல்லை. பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "அண்ணாச்சி, எடுக்கீயளா, நாங்க எடுக்கட்டுமா?" என்றார். லைசென்ஸ் கொடுத்தது அரசாங்கம். ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்தப் பாலம்.

இப்போது என் மகள் முறை. எல்.எல்.ஆர். தேர்வை ஆதாரை வைத்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் முடித்துவிட்டாள். எல்.எல்.ஆர். கையில் வந்து 30 நாள் ஆன பிறகே டெஸ்ட். அதற்கும் ஆன்லைனில் நாளும் நேரமும் பிடிக்க வேண்டும். மரத்தடி டைப்ரைட்டர் இருந்த இடத்தில் பிரவுசிங் சென்டர். எட்டு போடுவது எப்படி என்று யூடியூபில் ஊருக்கு ஒரு மாஸ்டர் பாடம் எடுக்கிறார். கை சிக்னலை அவள் பாடமாகப் படித்தாள். சாலையில் யாரும் காட்டி அவள் பார்த்ததில்லை. ஏ.சி. காரில் கண்ணாடி இறங்குவதே அபூர்வம். ஃபாஸ்டாக் வந்த பிறகு டோல்கேட்டில்கூடக் கை வெளியே வருவதில்லை. எங்கள் காலத்தில் லாரிக்கு இடது இண்டிகேட்டர் கிளீனரின் கைதான். அது நீண்டால் வண்டி திரும்பும். இன்று இண்டிகேட்டர் எரிந்தால் பல்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

அவள் ஓட்டுவது எனக்குத் தெரியும். ஹெல்மெட் போடாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக மாட்டாள். இரண்டு கண்ணாடியையும் பார்ப்பாள். ஆளில்லாத சந்திப்பிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பாள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். டெஸ்ட் மைதானத்தில் எட்டின் இரண்டாவது வளைவில் வண்டி லேசாகச் சாய்ந்தது. கால் தரையைத் தொட்டது. "அடுத்த வாட்டி பாக்கலாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான், விதி அப்படி. என்னைத் தேறவைத்ததும் ஒரு கால், அவளைத் திருப்பி அனுப்பியதும் ஒரு கால். என்ன வித்தியாசம் என்றால், அவள் கால் அவளுடையது.

"உங்க டெஸ்ட் எப்படிப்பா இருந்துச்சு?" என்று வீடு திரும்பும் வழியில் கேட்டாள்.

"அந்தக் காலத்து டெஸ்ட்டெல்லாம் ரொம்பக் கடுமை" என்றேன்.

இப்போதைய சட்டப்படி நிலவரம் இது. தவறியவர் 7 நாள் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட்டுக்குப் போக முடியும். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் உரிய காலத்துக்குள் லைசென்ஸைப் புதுப்பிப்பவருக்கு ஓட்டிக் காட்டும் தேர்வே கிடையாது. 40 வயதைத் தாண்டியவர் டாக்டரிடம் ஒரு மருத்துவச் சான்று வாங்கி இணைத்தால் போதும். நான் போன வருடம் அப்படித்தான் புதுப்பித்தேன். டாக்டர் என் கண்ணைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. ஆகவே இன்றைய தேதியில் எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தகுதியானவர் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் ஒரே ஆள் நான்தான். எதிரே வந்தால், தயவுசெய்து கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.