பத்து லட்சமும் மூன்று சதவீதமும்

(ஸ்டார்ட்அப்புகளுக்கு அரசு தரும் பணத்தைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே இந்த முறை இடம். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.)

கேள்வி: ரோடு போடுவதும் தண்ணீர் விடுவதும்தான் அரசாங்கத்தின் வேலை. ஸ்டார்ட்அப்புக்குப் பணம் கொடுக்க அவர்கள் யார்?
(கோவில்பட்டி வாசகர்)

பதில்: ரோடும் தண்ணீரும் முடிந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லையே! உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தீப்பெட்டி ஆலையில் நெருப்பை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிற ஒரு கருவிக்கு யோசனை வைத்திருக்கிறான் என்று வையுங்கள். வங்கிக்குப் போனால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். யோசனைக்குப் பட்டா கிடையாது. முதலீட்டாளரிடம் போனால் "நாலு வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டு வா" என்பார். வாடிக்கையாளரோ "முதலில் செய்து காட்டு" என்பார். செய்து காட்டத்தான் அவனிடம் பணம் இல்லை. லாபக் கணக்குப் பார்க்கிற யாரும் இந்த இடத்துக்கு வரமாட்டார்கள். அரசு வரலாம். வந்து என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: தமிழ்நாட்டில் இந்தப் பணம் யார் கையில் இருக்கிறது?
(ஈரோடு வாசகி)

பதில்: சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறையின் கீழ் இயங்கும் 'ஸ்டார்ட்அப் டிஎன்' கையில். அதன் 'டான்சீட்' திட்டத்தில் ஆரம்பநிலை நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், கிராம வாழ்வாதாரம் என்றால் பதினைந்து லட்சம் வரை. விண்ணப்பங்களைச் சலித்தெடுத்து, மிஞ்சியவர்களை ஒரு நடுவர் குழு முன் பேசச் சொல்வார்கள். தேறினால் பணம் தவணையாக வரும். சொன்னதைச் செய்தால்தான் அடுத்த தவணை. பதிலுக்கு அரசு உங்கள் நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: மானியம் என்று சொல்லிவிட்டுப் பங்கு கேட்பது நியாயமா?
(திருப்பூர் வாசகர்)

பதில்: மொய் எழுதுகிறவர் நோட்டில் பெயரையும் ஊரையும் சேர்த்துத்தானே எழுதச் சொல்கிறார்? பத்து லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் உங்கள் நிறுவனத்தின் மதிப்பு 3 கோடியே 33 லட்சம் என்று அரசு ஒப்புக்கொள்கிறது என்று பொருள். இன்னும் ஒரு ரூபாய்க்கும் சரக்கு விற்காத உங்களை உங்கள் மாமனார்கூட அவ்வளவுக்கு மதிக்கமாட்டார்.

ஆனால் கேள்வி தப்பில்லை. பக்கத்தில் கர்நாடகம் 'எலிவேட்' திட்டத்தில் 50 லட்சம் வரை கொடுக்கிறது, பங்கு கேட்பதில்லை. இரண்டில் எது சரி? என் ஓட்டு, சிறிய பங்குக்கு. லாபம் பார்க்க அல்ல. பங்குதாரருக்கு வருஷா வருஷம் கணக்குக் காட்டியாக வேண்டும், அதனால்தான். சும்மா கொடுத்த மானியம் அடுத்த நிதியாண்டிலேயே கோப்புக்குள் தூங்கிவிடும். பங்கு இருந்தால் அந்த நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்றாவது அரசுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்.

எனக்குள்ள கவலை வேறு. பங்கை வாங்குவது சுலபம். எப்போது விற்பது, என்ன விலைக்கு, கையெழுத்து யாருடையது? இரண்டு வருஷம் கழித்து விலை நான்கு மடங்கானால் "ஏன் அவசரப்பட்டு விற்றாய்" என்று அதிகாரியைக் கேட்பார்கள். விற்காமல் வைத்திருந்து நிறுவனம் மூழ்கினால் "ஏன் வைத்திருந்தாய்" என்பார்கள். இதற்கு விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாத குழு, பங்குகளைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும்.

கேள்வி: 'ஏஞ்சல் டாக்ஸ்' என்றால் என்ன?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: நிறுவனத்தின் நியாயமான மதிப்புக்கு மேல் யாராவது முதல் போட்டால், அந்த அதிகப்படியை வருமானமாகக் கருதி வரி போடுவது. 2012-ல் கறுப்புப் பணத்தைப் பிடிக்க வந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் போனது. நடுவில் ஒரு துறை "புதுத் தொழில் தொடங்கு" என்று விளம்பரம் செய்யும், இன்னொரு துறை "உன் மதிப்பு எப்படி இவ்வளவு வந்தது" என்று நோட்டீஸ் அனுப்பும்.

கேள்வி: நிபுணர் குழு ஒன்றைப் போட்டு, அது சொல்கிறபடி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?
(மதுரை வாசகர்)

பதில்: ரோட் ஐலண்டும் அப்படித்தான் நினைத்தது. பரப்பில் அமெரிக்காவின் ஆகச் சிறிய மாநிலம். 2010-ல் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம். அப்போது கர்ட் ஷில்லிங் என்ற ஓய்வுபெற்ற பேஸ்பால் நட்சத்திரம் பக்கத்து மாநிலத்தில் ஒரு வீடியோ கேம் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். ஜெர்சி எண்ணையே பெயராக வைத்து, '38 ஸ்டுடியோஸ்'. "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சி வாரியம் 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. வாரியத்தின் தலைவர் யார்? ஆளுநரேதான். அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வர் மாதிரி, தேர்தலில் ஜெயித்து வந்தவர்.

கவனியுங்கள்: அந்தத் திட்டத்தில் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்தே 12.5 கோடிதான் ஒதுக்கீடு. அதில் ஐந்தில் மூன்று பங்கு ஒரே ஆளுக்கு. அதுவும் பெரிய கேம் எதையும் அதுவரை விற்றுக் காட்டாத ஆளுக்கு. மாநிலத்துக்கு வரப்போவதாகச் சொன்ன வேலைகள் 450.

கட்டணம், கையிருப்பு எல்லாம் பிடித்தது போக நிறுவனத்தின் கைக்கு வந்தது சுமார் 5 கோடி டாலர். கேமை முடிக்க அதற்கு மேல் தேவை என்பது வாரியத்துக்குத் தெரியும். கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. நம் செபி மாதிரி அங்கே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு இதற்காகவே 2016-ல் வாரியத்தின் மீதும் பத்திரங்களை விற்றுக் கொடுத்த வங்கியின் மீதும் குற்றம் சாட்டியது. அதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. 2012 மே மாதம் தவணை கட்ட முடியவில்லை. ஊழியர்கள் கூண்டோடு வெளியே. ஜூனில் திவால் மனு. மக்கள் தலையில் விழுந்த கடன் வட்டியோடு 11 கோடி டாலர் அளவுக்கு. வழக்குப் போட்டு சமரசத்தில் 6 கோடி சொச்சம் திரும்ப வந்தது. வாரியத்தைப் பிறகு பெயர் மாற்றி, ஆள் மாற்றிச் சீரமைத்தார்கள்.

குழுவில் இருந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். நட்சத்திரம் உட்கார்ந்திருக்கும் மேசையில் முதலமைச்சரும் தலைமை வகித்தால் "இது தேறாது" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பத்து லட்சமாக எழுநூறு பேருக்குக் கொடுத்து நானூறு பேர் தோற்றால் அது ஊழலும் அல்ல, செய்தியும் அல்ல. எழுபது கோடியை ஒருவருக்குக் கொடுத்துத் தோற்றால் இரண்டுமே ஆகும்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் இஸ்ரேல், இஸ்ரேல் என்கிறார்களே. அங்கே மட்டும் என்ன மந்திரம்?
(சேலம் வாசகி)

பதில்: மந்திரம் இல்லை, ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. அவர்களும் முதலில் சறுக்கினார்கள். 1992-ல் 'இன்பல்' என்று ஒரு திட்டம்: முதலீட்டு நிதிகளுக்கு நஷ்டம் வந்தால் 70 சதவீதத்தை அரசு ஈடுகட்டும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? நஷ்டத்துக்குக் காப்பு கொடுத்தால் நஷ்டத்துக்குப் பயப்படாதவர்கள்தான் வருவார்கள். திட்டம் படுத்துவிட்டது.

மறு வருஷமே, 1993-ல், தலைகீழாக மாற்றினார்கள். 'யோஸ்மா', 10 கோடி டாலர். நஷ்டம் வந்தால் நீயும் அழு, நானும் அழுகிறேன். லாபம் வந்தால் ஐந்து வருஷத்துக்குள் என் பங்கை நான் போட்ட விலையோடு வட்டி சேர்த்துக் கொடுத்து நீயே வாங்கிக்கொள். இதுதான் அந்த ஷரத்து. பத்து நிதிகளுக்குத் தலா 80 லட்சம் டாலர். எல்லாவற்றிலும் வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் கூட்டாளி. பத்தில் எட்டு, அரசின் பங்கை வாங்கிக்கொண்டன. அரசு போட்ட பணத்தோடு வெளியேறிவிட்டது. எந்த நிறுவனம் ஜெயிக்கும் என்று அமைச்சகத்தில் யாரும் உட்கார்ந்து ஜோசியம் பார்க்கவில்லை. எப்போது விலகுவது என்பதை முதல் நாளே எழுதி வைத்திருந்தார்கள். திருப்பூர் வாசகருக்கு மேலே சொன்னதை இங்கே சேர்த்துப் படிக்கவும்.

கேள்வி: நம் மத்திய அரசு இதைக் காப்பியடிக்கவில்லையா?
(வேலூர் வாசகர்)

பதில்: பாதி. 2016-ல் அறிவித்த 10,000 கோடி ரூபாய் நிதியைச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி நிர்வகிக்கிறது. அது எந்த ஸ்டார்ட்அப்புக்கும் நேரடியாகக் கொடுக்காது. செபியில் பதிந்த முதலீட்டு நிதிகளுக்குக் கொடுக்கும், அவை வாங்கியதைப்போல் இரண்டு மடங்கை ஸ்டார்ட்அப்புகளில் போட வேண்டும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற தலைவலியைத் தொழில் தெரிந்தவன் தலையில் ஏற்றிய ஏற்பாடு, நல்லதுதான். 2025 பட்ஜெட்டில் இன்னொரு 10,000 கோடி அறிவித்தார்கள். ஆனால் இந்தப் பணம் பெங்களூருக்கும் மும்பைக்கும் வழி தெரிந்து போய்விடும். விருதுநகருக்கு வழி கேட்டுக்கொண்டு வர மாநில அமைப்புதான் வேண்டும்.

கேள்வி: மத்திய அரசின் ஸ்டார்ட்அப் தரவரிசையில் தமிழ்நாடு எங்கே?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: 2018-ல் கடைசிக்கு முந்தைய வரிசை. 2022-ல் 'லீடர்'. பெருமைப்படும் முன், அந்தப் பட்டியலில் லீடருக்கு மேலே இரண்டு வரிசைகள் இருந்தன. 2024 ஜனவரியில் வந்த பட்டியலில் குஜராத், கர்நாடகம், கேரளத்தோடு மேல் வரிசைக்கு வந்துவிட்டது. ஆனால் இது அரசுகள் எழுதிய பரீட்சை: கொள்கை இருக்கிறதா, பொறுப்பு அதிகாரி இருக்கிறாரா என்று பார்த்துப் போட்ட மதிப்பெண். உங்கள் நிறுவனம் சரக்கு விற்றதா என்று அதில் கேள்வி இல்லை.

கேள்வி: யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாமா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: தாராளமாக. அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் அமைப்பு எதுவும் 2005-ம் வருஷச் சட்டத்துக்குள் வரும். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பது ரகசியமே இல்லை. அந்த நிறுவனத்தின் தொழில் ரகசியத்தைக் கேட்டால் மட்டும் 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள், அது நியாயம். நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: பணம் வாங்கியவர்களில் மூன்று வருஷம் கழித்து மூடியவர்கள் எத்தனை? வெற்றிக் கதைகளுக்குப் பளபளப்பான புத்தகம் போடுகிற எந்த அரசும் இந்தப் பட்டியலைத் தானாக வெளியிடாது. இதைத்தான் வெளியிட வேண்டும். எதில் தோற்றார்கள் என்று தெரிந்தால் அடுத்து வருகிறவன் அதே குழியில் விழாமல் தப்புவான்.

கேள்வி: மூடிவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? பயமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்: பொதுவாக, சொன்ன காரியத்துக்கே செலவழித்து, ரசீதும் வைத்திருந்து தோற்றால் மானியம் கடனாகாது. கருவி செய்ய வாங்கிய பணத்தில் கார் வாங்கியிருந்தால் ஆகும். இருந்தாலும் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். உங்களைவிட அதிகம் பயப்படுகிறவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி. பத்தில் ஏழு தோற்பது இந்தத் தொழிலில் சகஜம். தணிக்கைக் குறிப்பில் அது "பயனற்ற செலவு". ஆகவே அவர் தோற்கவே தோற்காத ஆளாகத் தேடுவார். அப்படிப்பட்டவருக்கு அரசுப் பணமே தேவைப்படாது.

கேள்வி: பட்டியல் சாதியினருக்கு இதில் எதுவும் உண்டா?
(விழுப்புரம் வாசகி)

பதில்: உண்டு. 2022-ல் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கென்று 30 கோடி ரூபாயில் தனி நிதி ஒன்றை மாநில அரசு அறிவித்தது. அது மானியம் அல்ல, பங்கு முதலீடு. முதல் போடத் தாத்தா நிலமும், உறவில் ஒரு பணக்கார மாமாவும் இல்லாதவருக்குப் பத்து லட்சம் பாதி வழிகூடப் போதாது. பங்கு முதலீடுதான் சரி.

கேள்வி: பணம் கொடுப்பதற்குப் பதில் அரசே அவர்களிடம் பொருள் வாங்கலாமே?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: கோயம்புத்தூர்க்காரர் என்பதைக் கேள்வியே சொல்கிறது. ஒரு ஆர்டர் பத்து மானியத்துக்குச் சமம். தடை என்ன தெரியுமா? டெண்டரில் "மூன்று வருஷ அனுபவம், இத்தனை கோடி விற்றுமுதல்" என்று கேட்பார்கள். போன வருஷம் பிறந்த நிறுவனம் மூன்று வருஷ அனுபவத்துக்கு எங்கே போகும்? மத்திய அரசு இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஸ்டார்ட்அப்புகளுக்குத் தளர்த்த வழி செய்திருக்கிறது. முன்வைப்புத் தொகையும் வேண்டாம் என்கிறது. சலுகை காகிதத்தில் இருக்கிறது. டெண்டர் எழுதுகிற உதவிப் பொறியாளர் பழைய மாதிரியையே நகல் எடுத்து ஒட்டினால் அது காகிதத்திலேயே இருக்கும்.

கேள்வி: இதில் எப்போதுதான் பலன் வரும்? பொறுமை போகிறது.
(சென்னை வாசகர்)

பதில்: சென்னை ஐஐடியின் தொழில் வளர்ப்பகத்தில் 2013-ல் தொடங்கிய ஏதர் இன்று ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. பங்குச் சந்தைக்கு வந்தது 2025-ல். பன்னிரண்டு வருஷம்; நடுவில் இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள்.

கேள்வி: மாநிலத்திலும் மத்தியிலும் இரண்டு இடத்திலும் வாங்கலாமா?
(திருநெல்வேலி வாசகி)

பதில்: வரிசை பார்த்து வாங்குங்கள். மத்திய அரசின் 945 கோடி ரூபாய் விதை நிதித் திட்டத்தில் மாதிரி செய்ய 20 லட்சம் வரை மானியம் உண்டு. ஆனால் வேறு அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பணம் வாங்கியிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது நிறுவனத்துக்கு இரண்டு வயதும் தாண்டியிருக்கக் கூடாது. மாநிலத்தில் பெண் என்பதற்காகப் பதினைந்து லட்சம் வாங்கிவிட்டு அங்கே போய் நின்றால், அந்தச் சலுகையே காலை வாரிவிடும்.

கேள்வி: "டான்சீட் வாங்கித் தருகிறேன், வருவதில் பத்து சதவீதம் கொடுங்கள்" என்கிறார் ஒரு கன்சல்டண்ட். நம்பலாமா?
(பெயர் வேண்டாம், கரூர்)

பதில்: அரசு கேட்பது 3. இவர் கேட்பது 10. இரண்டு பேரில் யார் உங்கள் தொழிலை அதிகம் நம்புகிறார் என்று நினைக்கிறீர்கள்? விண்ணப்பத்தை நீங்களே எழுதுங்கள். குழு முன்னால் போய் அவர் பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும்.