லுவோச்சாலுவோஜாவும் மொய் நோட்டும்

சீனம் படிப்பவர்களுக்குக் கீழ் வகுப்புகளில் மானப் பிரச்சினை எதுவும் வராது. விலை கேட்கலாம், வழி கேட்கலாம், நூடுல்ஸ் கேட்கலாம். மேல் வகுப்புக்குப் போனால்தான் பழைய நூல்களைத் திறப்பார்கள். தஞ்சாவூர்க்காரனுக்கு வினை அங்கே காத்திருக்கிறது.

எங்கள் இணைய வகுப்பில் மூன்றே பேர். சீனாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்த தம்பி, பட்டுக்கோட்டையில் உழவுக் கருவி விற்கும் மாமா, நான். செங்டூவிலிருந்து பாடம் நடத்தும் அம்மாவை 'லாவ்ஷி' என்போம். நாங்கள் சோழ நாட்டுக்காரர்கள் என்று தெரிந்ததும், மகிழ்ந்துபோவோம் என்று நினைத்து, 'சோங் வரலாறு' என்ற நூலின் 489ஆம் பாகத்தை அனுப்பிவிட்டார்.

அதில் 1015ஆம் ஆண்டு சோழத் தூதர்கள் சோங் அரசவைக்கு வருகிறார்கள். அனுப்பிய மன்னர் பெயர் 'லுவோச்சாலுவோஜா'. உற்றுப் பார்த்தால் நம் ராஜராஜன்! நடுவில் 'ச்சா' என்ற ஓசைக்குப் போட்டிருக்கும் எழுத்தோ தேயிலையைக் குறிக்கும் எழுத்து. "பெரிய கோயில் கட்டினவரு பேருல டீயா? டிகிரி காபின்னு போட்டிருந்தாலும் மனசு ஆறியிருக்கும்" என்றார் மாமா. ஓசைக்காக வந்த எழுத்து, பொருளைப் பார்க்கக் கூடாது என்று லாவ்ஷி சமாதானம் சொன்னார்.

அடுத்தது மன்னரின் கடிதம். அதில் ராஜராஜன் தன்னைக் காடிப் பானையைச் சுற்றும் பூச்சிக்கும், வைக்கோலால் செய்த நாய்க்கும் ஒப்பிட்டுக்கொள்கிறார். மெய்க்கீர்த்தியில் வென்ற நாடுகளை வரிசையாகக் கல்லில் வெட்டிவைத்தவர் பேசுகிற பேச்சா இது? தம்பிதான் துப்பு துலக்கினான். பூச்சி சுவாங்சியின் நூலில் வருவது, வைக்கோல் நாய் லாவோட்சியின் நூலில் வருவது. தஞ்சையில் உட்கார்ந்து ராஜராஜன் லாவோட்சி படித்திருக்க வாய்ப்பில்லை. அங்கிருந்த எழுத்தர் தம் சபைக்கு ஏற்றபடி பணிவைக் கொட்டிச் சமைத்திருக்கிறார். மறுத்துச் சொல்ல மன்னரும் இல்லை. தூதர்கள் குவாங்சோ போய்ச் சேரவே 1,150 நாள் ஆனதாம். அதற்குள் இங்கே ராஜேந்திரன் ஆட்சி வந்துவிட்டது.

பிறகு வந்தது 'குங்' என்ற சொல். தூதர்கள் கொண்டுபோனதற்கெல்லாம் அந்த நூலில் அதுதான் பெயர். தமிழில் என்ன என்று லாவ்ஷி கேட்டார். அகராதி 'கப்பம்' என்றது. கூட்டம் கொதித்தது. 'காணிக்கை' என்றான் தம்பி. 'சீர்' என்றேன் நான். பெண் கொடுக்காத இடத்துக்கு எதற்குச் சீர் என்று மாமா ஒரே போடு போட்டார்.

1077இல் குலோத்துங்கன் காலத்துத் தூதர்கள் கற்பூரம், பன்னீர், தந்தம், கிராம்பு, பெருங்காயம் எல்லாம் கொண்டுபோனார்கள். திரும்பும்போது சோங் பேரரசர் 81,800 சரம் செப்புக் காசும் 52,000 லியாங் வெள்ளியும் கொடுத்தனுப்பினார். இதைப் படித்ததும் மாமா முகத்தில் ஒளி. "கப்பம் வாங்குறவன் காசு கொடுத்து அனுப்புவானா? இது மொய்ங்க!"

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து போடுவார்கள். கறிச்சோறு போட்டு, வருகிற மொய்யை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வாங்கியவர் பின்னால் அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் பெருங்காயம் வைத்தவனுக்கு வெள்ளியாகத் திருப்பிச் செய்தால், பட்டுக்கோட்டைச் சட்டப்படி அது மொய்யேதான். மாமா விளக்கி முடித்தபோது, மன்னார்குடிப் பக்கம் மண்ணில் கிடைத்த சீனச் செப்புக் காசுகளைச் சாட்சிக்கு இழுத்தேன். லாவ்ஷி மிகுந்த அக்கறையோடு 'மொய்' என்று குறித்துக்கொண்டு, "அப்படியானால் இப்போது யார் பாக்கி?" என்று கேட்டார். மாமா பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்த வாரப் பாடத்தை நானும் தம்பியும் முன்கூட்டியே பார்த்துவிட்டோம். 1106இல் பாகன் நாட்டுத் தூதர்களுக்கு என்ன மரியாதை செய்வதென்று சோங் அதிகாரிகள் பேசுகிறார்கள். சோழருக்குச் செய்த அளவு போதாதாம். காரணம், சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியதாம்! ராஜேந்திரன் கப்பல்களை அனுப்பிக் கடாரம் கொண்டு எண்பது வருஷம் ஆன பிறகு எழுதிய கணக்கு இது. மாமாவுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம். அன்றைக்கு மட்டும் தம்பி பட்டுக்கோட்டைக்கே போய், கருவியைக் கையில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதாக ஏற்பாடு.