ஆர் கேட்டாலும் பதில் உண்டு

கே: மாமா, எல்லோரும் ‘ஆர்’, ‘ஆர்’ என்கிறார்களே, ஆர் அந்த ஆர்?
(கல்லூரி மாணவி, திருவான்மியூர்)

ப: புள்ளிவிவரக் கணக்குக்கென்றே பிறந்த கணினி மொழி. பெற்றவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன். இரண்டு பெயருக்கும் முதலெழுத்து ஆர். இதற்கு மூத்தது, 1976-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘எஸ்’. குடும்பமே ஓரெழுத்துக்காரர்கள்!

கே: அதற்குப் பிறந்தநாள் உண்டா?

ப: 1.0.0 பதிப்பு வெளியானது 2000 பிப்ரவரி 29. கேக் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான்.

கே: தெரிந்த ஒருவர் ‘ஆர்’ போட்டுத்தர 1,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
(பாலவாக்கம் வாசகர்)

ப: அவர் மெனக்கெடுவதற்குக் கூலி என்றால் உங்கள் இஷ்டம். மென்பொருளுக்கு என்றால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். 1995-லிருந்தே அது க்னூ பொது உரிமத்தில் இருக்கிறது: எடு, பார், மாற்று, பகிர். திருட்டுப் பிரதியும் தேட வேண்டாம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட வீட்டில் திருட என்ன இருக்கிறது?

கே: ஆர்ஸ்டுடியோவை நிறுவினேன். திறந்தால் ‘ஆர் எங்கே?’ என்று என்னையே கேட்கிறது.
(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மயிலாப்பூர்)

ப: ஆர்ஸ்டுடியோ வெறும் முகப்பு, கணக்குப் போடுவது ஆர்தான். சபாவில் மேடை, மைக், பட்டு விரிப்பு எல்லாம் தயார், பாடகரைத்தான் கூப்பிடவில்லை. முதலில் ஆரின் கிடங்கான கிரான் தளத்திலிருந்து ஆர். அதன் பிறகே ஆர்ஸ்டுடியோ. மாம்பலத்து மாமிக்கும் இதே வரிசைதான், மாசசூசெட்ஸ் பேராசிரியருக்கும் இதே வரிசைதான்.

கே: கிரானில் எங்கே பார்த்தாலும் ‘மிரர்’ என்று கேட்கிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது?

ப: ஒரே கிடங்கின் அச்சு அசல் நகல்கள் அவை. ஒரு காலத்தில் நம் ஐஐடி மெட்ராஸிலேயே ஒரு நகல் இருந்தது. பட்டியலின் தலையில் ‘0-கிளவுட்’ என்று இருக்கும். அதைத் தொட்டால் பக்கத்துக் கிடங்குக்கு அதுவே கூட்டிப்போகும்.

கே: பேக்கேஜ் (ஆருக்கான கூடுதல் கருவித் தொகுப்பு) நிறுவும்போது ‘மூலத்திலிருந்து கட்டட்டுமா?’ என்கிறது. ‘யெஸ்’ போட்டேன். திரை முழுக்கச் சிவப்பு!
(ஆராய்ச்சி மாணவர், அடையாறு)

ப: விண்டோஸில் அதற்கு ஆர்டூல்ஸ் என்ற கிரைண்டர் வேண்டும். அரைத்த மாவு கடையில் கிடைக்கும்போது நீங்கள் ஏன் அரிசி ஊறவைக்கிறீர்கள்? ‘நோ’ சொல்லுங்கள்.

கே: தினமும் பேக்கேஜை நிறுவ வேண்டுமா?

ப: புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் போதும், படிக்கும் ஒவ்வொரு முறையும் அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும். வாங்குவது ‘இன்ஸ்டால்’. எடுப்பது ‘லைப்ரரி’.

கே: கோப்பின் முகவரியை அப்படியே ஒட்டினேன். பிழை என்கிறது.

ப: விண்டோஸின் கோடு பின்னால் சாயும். ஆருக்கு முன்னால் சாய வேண்டும். திருப்பிப் போடுங்கள், இல்லையென்றால் இரட்டையாகப் போடுங்கள்.

கே: ஊர்ப் பெயர்களைத் தமிழில் கொடுத்தால், எழுத்துக்குப் பதில் ஏதோ எண்களாகக் கொட்டுகிறது. தமிழுக்கு இடமே இல்லையா?
(பள்ளி ஆசிரியர், தி.நகர்)

ப: இருக்கிறது! உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0, விண்டோஸில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறைக்கு மாறியது. அதிலிருந்து ‘கொட்டிவாக்கம்’ என்று கொடுத்தால் ‘கொட்டிவாக்கம்’ என்றே வருகிறது. முதல்முறை பார்த்தபோது எழுந்து நின்று கைதட்டினேன். விண்டோஸும் ரொம்பப் பழையதாக இருக்கக் கூடாது. அதே 4.2.0 தான் 32 பிட் விண்டோஸைக் கைவிட்டதும். அப்பா காலத்துக் கணினிக்கு 4.1.3-தான் கடைசி நிறுத்தம்.

கே: ஆரை வளர்ப்பவர்களில் நம் நாட்டவர் உண்டா?

ப: உண்டு. மையக் குழுவிலேயே தீபாயன் சர்க்கார் இருக்கிறார், டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்காரர். ‘லாட்டிஸ்’ என்ற வரைபடப் பேக்கேஜ் அவர் கைவண்ணம்.

கே: ஒருவழியாக நிறுவிவிட்டேன். இப்போது எதை எண்ணுவது?
(இல்லத்தரசி, கொட்டிவாக்கம்)

ப: பலே! உங்கள் வாசலிலேயே கணக்கு இருக்கிறது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நம் கரையில் பருவந்தோறும் ராத்திரி நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைக் குழிகளை எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல இப்படி ஆட்கள் இருந்தார்கள். ஒரு ராத்திரி அவர்களோடு நடந்து பாருங்கள்.

கடலுக்குப் போக முடியாவிட்டால் குழாய்த் தண்ணீர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. முப்பது நாள் குறித்துக்கொண்டு ஒரு கோட்டுப்படம் போடுங்கள். ஊர்ப் பெயர்கள் தமிழில் இருக்கட்டும். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கோடை நெருங்க நெருங்கச் செம்பரம்பாக்கம் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.