பின்சாய்கோட்டின் தோற்றமும் தொழிலும்: மேற்கோள்குறி தப்புவிப்பு குறித்த ஆய்வுக்கு ஒரு முன்னுரையின் முற்பகுதி

கணினி நிரலில் எழுத்துகளை வரிசையாகக் கோத்து, இருபுறமும் மேற்கோள்குறி இட்டு அடைத்த தொகுதியைக் கற்றோர் 'சரம்' என்றும், நிரல் எழுதிச் சம்பளம் வாங்குவோர் 'ஸ்ட்ரிங்' என்றும் வழங்குவர். முதற்குறி நிற்குமிடத்தில் சரம் பிறக்கிறது. அதே வடிவக் குறி அடுத்து வருமிடத்தில் இறக்கிறது. இவ்விதியை அறியாத தொடக்க மாணவர் "அவர் "வா" என்றார்" என எழுதுவாராயின், கணினி 'அவர்' என்பதோடு ஒரு சரம் முடிந்ததெனக் கொண்டு, நடுவில் நாதியற்று நிற்கும் 'வா' யார் வீட்டுப் பிள்ளை என்று விளங்காமல், தொடரமைப்புப் பிழை என்று கூறி நின்றுவிடும். பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழெழுத்தாலும் பெயரிடலாம் ஆதலின், அந்த 'வா' ஒரு மாறியின் பெயராகவும் கொள்ளத்தக்கது என்பது இவ்விடத்தில் எவர்க்கும் பயன்படாத, எனினும் ஆய்வுநேர்மை கருதிச் சொல்லியே தீரவேண்டிய செய்தியாகும்.

இவ்விடரைத் தீர்க்கும் முதன்மை நெறிகள் நான்கு. முதலாவது, உள்ளே இரட்டை மேற்கோள் வருமாயின் வெளியே ஒற்றை மேற்கோள் இடுவது. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இது மாணவரின் துன்பத்தை அரை நொடியில் தீர்த்துவிடுவதால், ஆய்வுக்குரிய பொருளாகாது என விடப்படுகிறது. இரண்டாவது, பாஸ்கலிலும் எஸ்க்யூஎல்லிலும் உள்ளபடி, உள்ளே வரும் ஒற்றைக் குறியை இரட்டித்து எழுதுவது. மூன்றாவது, பைத்தானின் மும்மேற்கோள். நான்காவது பின்சாய்கோடு, இக்கட்டுரைக்குத் தலைவனும் அதுவே.

வழக்கில் பேக்ஸ்லாஷ் எனப்படும் இக்கோடு (\) பின்னோக்கிச் சாய்கிறதா, முன்னிருந்து பின்னோக்கித் தள்ளப்பட்டதா என்பதில் கலைச்சொல் வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 'பின்சாய்கோடு' என்பார் ஒரு சாரார். கோடு சாய்வதற்கு முன்னும் பின்னும் ஏது, இடமும் வலமுமே உள எனக் கூறி 'இடச்சாய்கோடு' என்பார் மற்றொரு சாரார். விசைப்பலகையில் அது எங்குள்ளது என்று மாணவரிடம் கேட்டறிந்ததில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபட்டனர் என்ப.

இக்குறியை 1961இல் ஆஸ்கி என்னும் எழுத்துக்குறியீட்டு முறையினுள் கொண்டுவந்தவர் பாப் பெமர். அல்கால் மொழிக்கு வேண்டிய 'உம்', 'அல்லது' ஆகிய தருக்கக் குறிகளைச் சாய்கோடும் பின்சாய்கோடும் கூட்டி /\ என்றும் \/ என்றும் எழுதுவதே அவர் நோக்கம்; மேற்கோள்குறியைக் காப்பது அதன் பிறப்பு நோக்கமன்று. 1963இல் வெளியான ஆஸ்கித் தரத்தில் இதன் எண் 92. ஜப்பானிய முறையில் அவ்வெண்ணில் யென் குறி அமர்ந்தது. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் மேற்கோள்குறியைக் காக்கும் பணியைச் செய்தது விண்மீன் குறி; டென்னிஸ் ரிட்சியின் சி மொழியே அப்பதவியைப் பின்சாய்கோட்டுக்கு மாற்றியது. ரிட்சியும் பிரையன் கெர்னிகனும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூலின் முதல் நிரலே உலகுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பின்சாய்கோட்டோடு ஆங்கில 'என்' எழுத்தைச் சேர்த்து அடுத்த வரிக்குப் போனது.

இனி இதன் தொழில். தனக்கெனச் சரத்தில் இடம் பெறாது, தன்னை அடுத்து வரும் எழுத்தின் பொருளைத் திரிப்பது பின்சாய்கோடு. மேற்கோள்குறியின் முன் நிற்கையில் சரத்தை முடிக்கும் அதிகாரத்தை அக்குறியிடமிருந்து பறித்து, அதைச் சாதாரண எழுத்தாக்கிவிடுகிறது: "அவர் \"வா\" என்றார்" என்பது பிழையற ஓடும். ஆங்கில 'என்' எழுத்தின் முன் நின்றாலோ, சாதாரண எழுத்தாகிய அதற்குப் புதுவரி தொடங்கும் அதிகாரத்தை அளிக்கிறது. 'டி' எழுத்தாயின் டேப் இடைவெளி. உள்ளவரிடம் பறித்து இல்லாதவர்க்குக் கொடுக்கும் இத்தன்மை கண்டு, இதனைப் பொதுவுடைமைக் குறி என்பாரும் உளர். பல்கலைக்கழகப் பதவி நியமனங்களைக் கண்டவர் வேறு உவமை கூறுவர்.

விண்டோஸ் கணினியில் கோப்பின் முகவரியைச் சரமாக எழுதுவோர் படும் பாடும் இதனால் விளைவதே. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 கோப்புறைகளைப் பிரிக்கப் பின்சாய்கோட்டைக் கொண்டது. சாய்கோடு (/) கட்டளைகளின் விருப்பக் குறியாக முன்னரே பணியில் அமர்ந்துவிட்டமையே காரணம். ஆகவே சி டிரைவில் 'நியூ' என்ற கோப்புறையை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர், கோப்பைத் திறக்கப் போய்ப் புதுவரியைத் திறந்துவிடுகிறார்.

பின்சாய்கோடும் அதனை அடுத்த எழுத்தும் சேர்ந்து, எழுத்தில் இரண்டாகவும் எண்ணிக்கையில் ஒன்றாகவும் நிற்கும் இவ்விணைக்கு மாத்திரை எவ்வளவு என்பது அடுத்த வினா. ஒற்றைப்போல் அரை மாத்திரை என்பது ஒரு மதம். ஒலியே இல்லாததற்கு மாத்திரை இல்லை என்பது மறுப்பு. பிழை எங்கே என்று தேடும் மாணவருக்கு அது இரண்டு மணி நேரம் என்பது அனுபவ மதம். 'ஃபேன்' என்னும் சொல்லில் ஆய்தம் தான் ஒலிக்காது பகரத்தின் ஒலியைத் திரிப்பது இத்தொழிலை அப்படியே ஒத்திருத்தலின், பின்சாய்கோட்டைக் கண்டவன் தமிழனே என நிறுவும் கட்டுரை ஒன்று அடுத்த கருத்தரங்கில் படிக்கப்படுவது உறுதி. ஆய்தத்தின் இப்பயன்பாடு பிறமொழி ஒலிக்காகப் பிற்காலத்தில் வந்தது என்னும் உண்மைக்கு அக்கட்டுரையின் அடிக்குறிப்பிலும் இடம் கிடைக்காது.

பின்சாய்கோடு செய்யும் செயலின் பெயரான 'எஸ்கேப்' என்பதைத் தப்புவிப்பு எனப் பெயர்ப்பதே பொருத்தம். தப்புதல் பிழைத்து ஓடுதலையும் தவறுதலையும் ஒருங்கே குறிக்கும். துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தலும் தப்புதலே. தப்பு ஒரு பறையின் பெயருமாம். மேற்கோள்குறி தப்பாதபோது நிரல் தப்பாகிறது. நிரல் தப்பானபோது மாணவர் தப்பப்படுகிறார். இதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு: ஒரு கணினி ஆய்வகம், சன்னலோர வரிசை, மூன்றாம் மேசை, மேற்பரப்பு, காம்பஸ் முனையால் கீறப்பட்டது, வரிகள் இரண்டு, முதல் வரியில் ஒரு மேற்கோள்குறி திறந்தபடியே நிற்கிறது, இரண்டாம் வரி ஆசிரியர் ஒருவரைப் பற்றியது, அதன் பிற்பகுதி வேறொரு கையால் சுரண்டப்பட்டிருத்தலின் ஊகத்தால் நிரப்பப்பட்டு, அவ்வூகம் அவையடக்கம் கருதி மீண்டும் நீக்கப்பட்டது.

இவை யாவற்றினும் ஆராயத்தக்கது பின்சாய்கோட்டின் பெருக்கம். சரத்தில் உண்மையாகவே ஒரு பின்சாய்கோடு வேண்டுமெனில் இரண்டு எழுதல் வேண்டும். காவலனுக்கும் ஒரு காவலன் தேவை. மேற்கோள்குறி உள்ள சரத்தை மற்றொரு சரத்துக்குள் வைத்து, அதனையும் வேறொன்றினுள் வைப்பார்க்கு, ஒவ்வோர் அடுக்கிலும் முன்னிருந்த கோடுகள் இரட்டித்து, குறிக்கென ஒன்று கூடும். முதல் அடுக்கில் 1, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 7, நான்காவதில் 15, ஐந்தாவதில் 31. அதாவது இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவு. ஒரே ஒரு மேற்கோள்குறியைச் சுற்றி முப்பத்தொரு காவலர் சாய்ந்து நிற்கும் இக்காட்சியை அமைச்சர் பயணத்தோடு ஒப்பிடுவது எளிது. செய்யுளுக்கு உரை, உரைக்கு விளக்கம், விளக்கத்துக்கு மறுப்பு, மறுப்புக்கு நூற்றாண்டு மலர் எனச் சூழ நின்று, நடுவிலுள்ள நாலடி கண்ணிற்படாமல் காக்கும் பணியோடு ஒப்பிடுவது நுட்பம். பெர்ல் மொழியினர் கோடுகள் இவ்வாறு மலிவதைப் 'பல்குத்தும் குச்சி நோய்' எனக் கேலி செய்தனர்; தமிழாய்வில் அதற்குப் பெயர் வைப்பார் இல்லை.

இந்நோய்க்கு மருந்தாகப் பைத்தான் கண்ட 'ரா' சரம், முதற்குறியின் முன் 'ஆர்' எழுத்தை இட்டால் பின்சாய்கோடு அனைத்தையும் வெறும் கோடாகவே கொள்ளும். எனினும் அச்சரமும் ஒற்றைப் பின்சாய்கோட்டில் முடிய இயலாது. பதவியிறக்கம் பெற்ற பின்னும் கடைசி மேற்கோள்குறியைப் பிடித்துத் தொங்கும் அதன் பிடிவாதத்தை ஆராய்வது இரண்டாம் தொகுதிக்குரியது.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளைத் தட்டச்சு செய்தவர் சொற்செயலி ஒன்றைப் பயன்படுத்த, அது 34ஆம் எண்ணுடைய நேர் மேற்கோள்குறிகளை அழகு கருதி 8220, 8221 எண்ணுடைய வளைந்த குறிகளாக மாற்றிவிட்டது. அவற்றைப் பைத்தான் மேற்கோள்குறியாக ஏற்காதாகையால், மேலே பிழையற ஓடும் எனச் சொல்லப்பட்டது ஓடவில்லை. மெய்ப்புத் திருத்தியவர் பழுதேதும் காணாமல் கையொப்பமிட்டுள்ளார்.