பக்கத்துப் பள்ளியைத் தவிர்ப்பது எப்படி?

பல்கலைக்கழக ஊர்ப் பெற்றோருக்கு ஒரு செயல்முறைக் கையேடு

வாழ்த்துகள். உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நீங்கள் இருப்பது சிதம்பரத்தில். ரயில் பாதைக்குக் கிழக்கே 1929 முதல் ஒரு பல்கலைக்கழகம்; உங்களுக்கு வேலை அங்கேதான். மேற்கே நான்கு வீதிகள், நடுவில் கோயில். சின்ன ஊர்தான். ஆனாலும் நகராட்சி, அரசு, அரசு உதவி பெறுவது, மெட்ரிக், சிபிஎஸ்இ என்று பள்ளியில் எல்லா ரகமும் உண்டு. சைக்கிளை எடுத்தால் இரண்டு மூன்று காலைகளில் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டால் காரியம் கெட்டது. ஆகவே கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் பின்பற்றுங்கள். முக்கால்வாசியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். அதை முறைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை.

படி 1. பட்டியலை வீட்டை விட்டு இறங்காமல் முடியுங்கள்.

முதலில் நகராட்சித் தொடக்கப் பள்ளியை அடித்துவிடுங்கள். தெரு முனையில் இருக்கிறது, காசு கேட்பதில்லை. இந்த இரண்டு குற்றங்களே போதும். அடுத்து அரசு உதவி பெறும் பள்ளிகள்: பச்சையப்பன் பள்ளி, ராமசாமி செட்டியார் பள்ளி. இவற்றில் நிர்வாகம் தனியாருடையது, ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு. உங்கள் மாமனார் இப்படி ஒரு பள்ளியில் படித்துத்தான் தாசில்தார் ஆனார் என்றால், "அது அந்தக் காலம்" என்று சொல்லி அடித்துவிடுங்கள்.

கடைசியாக நந்தனார் பள்ளி. எல்லோருக்கும் படிக்க இடம் கிடைக்காத காலத்தில், ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்காக 1916-இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கியது. இதைக் கடக்கும்போது மட்டும் குரலைச் சற்றுத் தாழ்த்தி, "சகவாசம் சரியா இருக்காது" என்று சொல்லுங்கள். யாருடைய சகவாசம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். தப்பித்தவறி யாராவது கேட்டால், "நாங்க அதெல்லாம் பார்க்கிறதில்லை" என்ற இரண்டாவது வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்.

படி 2. அரசைப் பற்றி இரண்டு கருத்துகளை வளர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் பணமில்லாமல் திண்டாடியபோது அரசு எடுத்துக்கொள்ளாதா என்று ஏங்கியது முதல் கருத்து. 2013-இல் சட்டம் இயற்றி அரசு எடுத்துக்கொண்டது. உங்கள் சம்பளம் பிழைத்தது. பல்கலைக்கழகத்தின் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அரசுக் கட்டணம் கேட்டுப் போராடியபோது அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றீர்கள். 2021-இல் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, கட்டணம் இறங்கியது. அதையும் பாராட்டினீர்கள்.

"அரசாங்கம் நடத்தினால் உருப்படுமா?" என்பது இரண்டாவது கருத்து. இதைப் பள்ளிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சம்பளம் அரசுடையதாகவும் பள்ளி வேறு யாருடையதாகவும் இருப்பதுதான் உத்தமம். அரசுச் சம்பளம் வாங்குவோர் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்துக்கு ஓர் உத்தரவு போட்டது. பயப்படாதீர்கள். அலகாபாத் வெகு தூரம்.

படி 3. கட்டடத்தைப் பாருங்கள். ஆசிரியரைப் பார்க்காதீர்கள்.

வரவேற்பறையில் ஏசி இருக்கிறதா? நல்ல பள்ளி. பெயரில் 'குளோபல்', 'இன்டர்நேஷனல்' இருக்கிறதா? மிக நல்ல பள்ளி. சுற்றிலும் வயலும் வாய்க்காலும் இருப்பது பொருட்டல்ல.

வகுப்பில் பாடம் நடத்துவது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் ஒரு சங்கடம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தில் பி.எட். முடித்தவர்களில் ஒருத்தி ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 90 எடுத்து, பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் வைத்த எல்லா வடிகட்டிகளையும் தாண்டி அரசுப் பள்ளிக்குப் போய்விட்டாள். அதே வகுப்பில் படித்த இன்னொருத்தி, அந்த வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று தனியார் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். மாலையில் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். முதலாமவள் இலவசம் என்பதால் ஒதுக்குங்கள். இரண்டாமவளுக்கு வருடா வருடம் பணம் கட்டுங்கள். நீங்கள் கட்டுவதில் எவ்வளவு அவள் கைக்குப் போகிறது என்று கேட்பது நாகரிகமல்ல.

நீங்கள் கல்வியியல் துறையிலேயே பேராசிரியர் என்றால் இந்தப் படி இன்னும் சுலபம். இருவருக்கும் பாடம் எடுத்தது நீங்கள்தான். நீங்கள் உருவாக்கிய ஆசிரியர்களை எவ்வளவு நம்பலாம் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

படி 4. மூன்று வயதுக் குழந்தையை நேர்காணலுக்குத் தயார்செய்யுங்கள்.

பழங்களின் பெயர், வண்ணங்கள், 'வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்'. தினமும் இரவு ஒத்திகை பாருங்கள். உங்களையும் கேள்வி கேட்பார்கள், நீங்களும் படியுங்கள். குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்க்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். இதை நேர்காணல் அறையில் நினைவூட்டாதீர்கள். பள்ளி முதல்வர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார், வெளியே போவதற்கு.

அதே சட்டத்தில், சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்றும் இருக்கிறது. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவர் விண்ணப்பித்து இடமும் கிடைத்துவிட்டால், நீங்கள் இத்தனை செலவு செய்து தப்பிக்க நினைத்த சகவாசம் உங்கள் மகளுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

படி 5. ரசீது கேட்காமல் கட்டுங்கள்.

தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தொகை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு என்று தேடாதீர்கள். தெரிந்தால் தூக்கம் கெடும். ஷூ, டை, டைரி, ஆக்டிவிட்டி, ஸ்மார்ட் கிளாஸ் என்று தனித்தாளில் வருவதைத் தனியாகக் கட்டிவிட்டு வாருங்கள்.

மெட்ரிக் பள்ளி என்றால் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காதீர்கள். 2010-இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டம், 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்துவிட்டது. நகராட்சிப் பள்ளியில் இலவசமாகக் கொடுக்கும் அதே பாடப் புத்தகத்தைத்தான் நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். இந்த எண்ணம் வந்து தொல்லை செய்தால், பள்ளி பரிந்துரைக்கும் தனியார் பதிப்பகப் புத்தகங்களையும் ஒரு செட் சேர்த்து வாங்குங்கள். பை கனத்ததும் மனம் லேசாகும்.

படி 6. வீட்டில் தமிழை நிறுத்துங்கள்.

"கம் கண்ணா, சீக்கிரம் ஈட் பண்ணு, வேன் வந்துடும்." இது ஆங்கிலம். தினமும் பழகுங்கள். பாட்டியிடம் பேசும்போது மட்டும் குழந்தை தடுமாறும், பாட்டியைத் திருத்துங்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-இல் சட்டம் வந்ததே என்று கவலைப்படாதீர்கள். தமிழுக்குத் தனி டியூஷன் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில், தமிழ்த் துறை உள்ள பல்கலைக்கழகத்தின் நிழலில், தமிழ் வீட்டுக் குழந்தைக்குத் தமிழ் டியூஷன். இதைவிட உயர்ந்த நிலை கிடையாது.

அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பத்தாண்டுக்கும் மேலாக இருக்கின்றன என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றுங்கள். கிரிக்கெட் நல்ல தலைப்பு.

படி 7. தூரமான பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

நடந்து போகிற தூரத்தில் இருப்பது பள்ளியே அல்ல. வேன் ஏழு மணிக்கு வர வேண்டும். குழந்தை அரை இட்லியோடு ஏறி, புவனகிரி வரை ஊர் சுற்றி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, பள்ளி போய்ச் சேரும்போது தூங்கியிருக்க வேண்டும். அதே நேரத்தில் நீங்கள் ஒதுக்கிய தெரு முனைப் பள்ளியில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சூடாகப் பொங்கலும் சாம்பாரும் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோங்கள்.

வேனில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணாதீர்கள். 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகளே வந்தன. வண்டி அந்த விதிப்படி இருக்கிறதா என்று குனிந்து பார்க்காதீர்கள். பக்கத்துக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரே கட்டடத்தில் இயங்கிய பள்ளிகளில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்காக மாடிப்படி எத்தனை, வெளியேறும் வழி எங்கே என்று முதல்வரைக் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். ஸ்மார்ட் போர்டு எத்தனை அங்குலம் என்று கேளுங்கள்.

படி 8. ஆறாம் வகுப்பில் கோபப்படத் தொடங்குங்கள்.

2020-இல் தமிழ்நாடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேறியவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் விரிந்தது. இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: "அரசுப் பள்ளியில் ஒன்றுமே சொல்லித்தருவதில்லை" என்று காலையிலும், "அவர்களுக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது" என்று மாலையிலும் சொல்வது. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல வேண்டாம்; அதற்குச் சில வருடப் பயிற்சி தேவை.

கோபம் தீரவில்லையென்றால் 'நீட் பவுண்டேஷன்' வகுப்பில் சேருங்கள். பதினொரு வயது. ஏற்கெனவே தாமதம்.

படி 9. பிளஸ் ஒன் வந்ததும் பிள்ளையை ஊரை விட்டு அனுப்புங்கள்.

நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய பள்ளி பாருங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் பன்னிரண்டை இரண்டு வருடம் நடத்துகிற திறமையை முறியடிக்க, 2018 முதல் 2025 வரை பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை 2017-இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் பிளெக்ஸ் போர்டை யாராலும் நிறுத்த முடியவில்லை. உங்கள் பிள்ளையின் முகம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆறடி உயரத்தில் தெரிவதற்காக, அந்த முகத்தை இரண்டு வருடம் நீங்கள் பார்க்காமல் இருப்பது நியாயமான பேரம்.

படி 10. பக்கத்துப் பள்ளி மெலிவதை உறுதிசெய்யுங்கள்.

இது எல்லாவற்றையும்விட எளிது. நீங்கள் விலகி இருந்தாலே போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் பிள்ளை அங்கே இல்லாததால் பெற்றோர் என்ற முறையில் நீங்களும் அங்கே இல்லை. மனு எழுதத் தெரிந்தவர், அதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவர், கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகம் வரை போகக்கூடியவர் எல்லாம் வெளியே. கூலி வேலைக்குப் போகும் தாய் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுகிறாள்.

சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். உபரி என்று ஒருவரை வேறு ஊருக்கு அனுப்புவார்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து உபரி ஊழியர்களை ஊர் ஊராக அனுப்பினார்களே, நீங்கள்கூடப் பந்தல் போட்டு உட்கார்ந்தீர்களே, அதே பணி நிரவல்தான். இரண்டு வகுப்புகள் ஓர் அறையில் அமரும். அப்போது வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று சொல்லுங்கள். உங்கள் கணிப்பு பலித்திருக்கிறது, பலிக்கவைத்தவரும் நீங்களே.

படி 11. பலனை அறுவடை செய்யுங்கள்.

எல்லாம் முடிந்து உங்கள் மகள் மருத்துவரும் ஆகவில்லை, பொறியாளராக விருப்பமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பி.எட். சேருங்கள், உள்ளூரிலேயே இருக்கிறது. தகுதித் தேர்வுக்குக் கோச்சிங் போடுங்கள். நடராஜருக்கு அர்ச்சனை செய்யுங்கள். ஆணை வந்ததும் தெருவெல்லாம் இனிப்பு கொடுங்கள்: "அரசுப் பள்ளி, பெர்மனென்ட் போஸ்ட்!" மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

பிறகு அவளுக்கொரு குழந்தை பிறக்கும். அவள் காலை எட்டரைக்குத் தன் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். ஆகவே பேரனுக்கு ஏழு மணி வேனை இப்போதே சொல்லிவையுங்கள். சீட் சீக்கிரம் நிரம்பிவிடும்.