எந்தக் கலர் வேணும், கமாண்டர்?

காசு வாங்கும்போது வியாபாரி, கணக்குக் கேட்டால் கலைஞன். இந்த இரட்டை வேஷம் கட்டத் தெரிந்தவர்கள் உலகில் ஏராளம். ஆனால் கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் கம்பெனியும் அதன் முதலாளியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் 2012இல் கட்டிய வேஷத்துக்கு ஈடாக வீடியோ கேம் உலகம் இன்னொன்றைப் பார்த்ததில்லை. அந்த வருஷம் மார்ச் 6ஆம் தேதி ‘மாஸ் எஃபெக்ட் 3’ வெளியானது. மூன்று பாகக் கதையின் கடைசிப் பாகம்.

2007இல் முதல் பாகம் வந்தபோது இவர்கள் விற்ற சரக்கு விண்வெளியும் அல்ல, துப்பாக்கியும் அல்ல. அவை எல்லாக் கடையிலும் கிடைக்கும். இவர்கள் விற்றது உங்கள் முடிவை. கமாண்டர் ஷெப்பர்ட் ஆணா பெண்ணா, முகம் எப்படி, யாரோடு காதல், யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது எல்லாம் ஆடுபவர் இஷ்டம். விர்மையர் கிரகத்தில் ஆஷ்லி, கெய்டன் இருவரில் ஒருவரைத்தான் மீட்க முடியும். மற்றவர் வெடிகுண்டோடு போய்விடுவார். அந்தக் கணக்கு சேமிப்புக் கோப்பில் ஏறி 2010இல் வந்த இரண்டாம் பாகத்துக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் கூடவே வரும். செத்தவர் செத்தவர்தான். ஜனங்கள் அந்தக் கோப்பை வீட்டுப் பத்திரம் மாதிரி ஐந்து வருஷம் பத்திரப்படுத்தினார்கள்.

கடைசிப் பாகம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, தயாரிப்புத் தலைவர் கேஸி ஹட்சன் ஒரு பேட்டி கொடுத்தார். மற்ற கேம்களைப்போல இத்தனை முடிவுகள் என்று எண்ணவோ, உனக்கு வந்தது ஏயா, பியா, சியா என்று கேட்கவோ இதில் இடமே கிடையாது என்கிற அர்த்தத்தில் பேசினார். மனிதர் வாக்குத் தவறவில்லை. ஏ, பி, சி இல்லைதான். சிவப்பு, நீலம், பச்சை.

அந்தக் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். இடம் லண்டன். ஐம்பதாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, முன்னேறிய உயிரினங்களையெல்லாம் அழித்துவிட்டுப் போகும் ரீப்பர்கள் ஊரை எரித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கதிர் பட்டுக் கவசம் கருகிய ஷெப்பர்ட், கையில் ஒரு கைத்துப்பாக்கியோடு நொண்டி நொண்டி நடக்கிறார். குறுக்கே வந்து நிற்பவன் மராடர் வகைச் சிப்பாய், சாதாரண எடுபிடி. திரையில் தெரியும் அவன் பெயரையும் கவசத்தையும் சேர்த்து ‘மராடர் ஷீல்ட்ஸ்’ என்று ரசிகர்கள் பிற்பாடு நாமகரணம் செய்தார்கள். மொத்தத் தொடருக்கும் அவன்தான் தியாகி என்றார்கள். ‘மேலே போகாதே, முடிவைப் பார்க்காதே’ என்று உயிரைக் கொடுத்துத் தடுத்தது அந்த ஒரு ஜீவன்தானே!

அவனையும் சுட்டுவிட்டு மேலே போனால், முதலில் இல்லூசிவ் மேன் என்ற வில்லன். முன்பாகவே சரியாகப் பேசி வந்திருந்தால், அவனிடம் நியாயம் பேசியே தன்னைத் தானே சுட்டுக்கொள்ள வைத்துவிடலாம். முதல் பாகத்து வில்லன் சாரெனையும் இப்படித்தான் பேசியே முடிக்க முடிந்தது. அப்பேர்ப்பட்ட வாய் ஷெப்பர்டுக்கு. அடுத்த சில நிமிஷத்தில் ஒளிவடிவில் ஒரு சின்னப் பையன் வருகிறான். ரீப்பர்களை ஆட்டிவைப்பவனே அவன்தானாம். அவன் சொல்லும் நியாயம் இது: செயற்கை அறிவு என்றைக்காவது உயிரினங்களை அழித்துவிடும், அப்படி நடக்காமல் இருக்க, அவன் செயற்கை அறிவுகளைக் கொண்டு உயிரினங்களை அழித்துக்கொண்டிருக்கிறான். அழிப்பதில்லையாம், அறுவடை செய்து ரீப்பர் உருவில் பத்திரப்படுத்துகிறானாம்.

ஷெப்பர்ட் என்ன செய்தார் தெரியுமா? கேட்டுக்கொண்டார்.

இங்கேதான் ரத்தம் கொதிக்கிறது. இதே மூன்றாம் பாகத்தில், ராணோக் கிரகத்தில், கெத் என்ற செயற்கை இனத்துக்கும் அதைப் படைத்த குவேரியன்களுக்கும் இடையிலான முந்நூறு வருஷப் பகையை ஆடுபவர் தீர்த்து வைக்கலாம். சுலபம் இல்லை, இரண்டாம் பாகத்திலிருந்தே சரியாக நடந்துவந்தவருக்குத்தான் அந்தச் சமாதானம் வாய்க்கும். லீஜன் என்ற இயந்திரத் தோழன் அதற்காக உயிரையே விடுகிறான். அப்படிச் சமாதானம் செய்தவரின் படையில், அந்தப் பையன் பாடம் நடத்தும் நேரத்தில், கெத் கப்பல்களும் குவேரியன் கப்பல்களும் வெளியே தோளோடு தோள் நின்று சண்டை போடுகின்றன. ‘அதோ பாருடா தம்பி’ என்று கையைக் காட்டினால் பையனின் தத்துவம் அதோடு காலி. அந்த வரி எழுதப்படவில்லை. உலகத்தில் எல்லாரையும் எதிர்த்துப் பேசவைத்து ஆடுபவரிடம் காசு வாங்கியவர்கள், பேசியே தீரவேண்டிய ஒரே இடத்தில் அவர் வாயைக் கட்டினார்கள்.

பிறகு மூன்று வழி. சிவப்பு என்றால் அழிவு, நீலம் என்றால் ஆளுகை, பச்சை என்றால் உயிரும் இயந்திரமும் கலப்பு. எதைத் தொட்டாலும் அந்தந்த நிறத்தில் ஒரு வெடிப்பு கிளம்பி அண்டம் முழுக்கப் பரவுகிறது, மாஸ் ரிலே என்ற பயணவாசல்கள் வெடிக்கின்றன. அப்படி ஒரு வாசல் வெடித்தால் அந்தச் சூரியக் குடும்பமே சாம்பல் என்று இரண்டாம் பாகத்தின் ‘அரைவல்’ என்ற கூடுதல் கதையில் இவர்களே காட்டியிருந்தார்கள். மூன்று லட்சம் பேர் செத்தார்கள். இப்போது எல்லா வாசலும் வெடிக்கிறது, ஒருவரும் கவலைப்படவில்லை. சற்றுமுன் லண்டன் தெருவில் உங்கள் பக்கத்தில் ஓடிவந்த தோழர்கள், எப்படி ஏறினார்களோ, நார்மண்டி கப்பலிலிருந்து ஏதோ ஒரு காட்டுக் கிரகத்தில் இறங்கிச் சூரியனைப் பார்க்கிறார்கள். பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்ததும் ஒரு அறிவிப்பு: ஷெப்பர்ட் சரித்திரமாகிவிட்டார், அந்தச் சரித்திரத்தை மேலும் ஆடியும், தரவிறக்கிக்கொள்ளும் கூடுதல் பகுதிகள் மூலமும் நீங்கள் வளர்க்கலாம். கண்ணீரைத் துடைக்க நீட்டிய கைக்குட்டையிலேயே விலைச்சீட்டு.

அந்த ஐந்து வருஷக் கோப்பு என்ன ஆயிற்று? எண்ணாக மாறிவிட்டது. இரண்டாம் பாகம் முழுக்கச் சண்டை போட்டுக் கைப்பற்றிய, கலெக்டர் என்ற எதிரிகளின் தளத்தை அழிப்பதா, வைத்துக்கொள்வதா என்று ஜனங்கள் தூக்கம் கெட்டார்கள். மூன்றாம் பாகத்தின் போர்ப் பட்டியலில் அதன் மதிப்பு: அழித்தால் 100 புள்ளி, வைத்துக்கொண்டால் 110. செத்தவர் செத்தவர்தான் என்றோமே, ராக்னி என்ற பூச்சி இனத்தின் ராணிக்கு மட்டும் சலுகை. முதல் பாகத்தில் அவளைக் கொன்றிருந்தாலும் அவளைப்போலவே இன்னொருத்தியைக் கொண்டுவந்து, உயிரோடு விட்டிருந்தால் அவள் இருந்திருக்கும் அதே குகையில் உட்கார வைத்தார்கள். கவுன்சில் என்ற அண்ட ஆட்சி மன்றத்துக்கு உடினாவை விட்டு ஆண்டர்சனைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் போய்ப் பார்த்தால் நாற்காலியில் உடினா. தேர்தல் நடத்தியவர்களே இப்படி முடிவை மாற்றினால் அதற்கு வேறு பெயர்.

கலை, கலை என்கிறார்களே, கல்லாப்பெட்டி எங்கே இருந்தது என்றும் பார்த்துவிடுவோம். ஐம்பதாயிரம் வருஷத்துக்கு முன் அழிந்த புரோத்தியன் இனம்தான் முதல் பாகத்திலிருந்து கதையின் முதுகெலும்பு. அந்த இனத்தின் கடைசி ஆள் ஜாவிக் உயிரோடு வருகிறான். ஆனால் அவன் கேமுக்குள் இல்லை, வெளியீட்டு நாளன்றே தனியாக 10 டாலர். போர்த் தயார்நிலை என்று ஒரு அளவுகோல், மல்டிபிளேயர் ஆடாதவருக்கு 50 சதவீதத்தைத் தாண்டாது. அந்த மல்டிபிளேயருக்குள் போனால் ஆயுதப் பொட்டலங்கள், நிஜக் காசுக்கு. தனியாக ஆடுபவரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று முன்பு சொன்னது காற்றோடு போயிற்று.

ரசிகர்கள் கத்தினார்கள். உடனே விமர்சகப் பெருமக்கள் கலையைக் காக்கக் கிளம்பினார்கள். எக்ஸ்பாக்ஸ் பதிப்புக்கு நூற்றுக்கு 90க்கு மேல் சராசரி வாரிக்கொடுத்த கைகள் அல்லவா. ரசிகர்களுக்குத் திமிர், எல்லாம் தங்கள் இஷ்டப்படி நடக்கவேண்டும் என்ற கொழுப்பு என்றார்கள். முடிவை மாற்றினால் படைப்பாளியின் சுதந்திரம் செத்துவிடும் என்றார்கள். ‘ஃபால்அவுட் 3’ கேமின் முடிவு பிடிக்கவில்லை என்று ஜனங்கள் முணுமுணுத்தபோது, 2009இல் பெதெஸ்டா அதை மாற்றிச் செத்த கதாநாயகனை எழுப்பி ஒரு கூடுதல் பகுதியாக விற்றது. அன்றைக்கு இவர்கள் ஒப்பாரி வைத்த ஞாபகம் எனக்கு இல்லை. விலைக்கு மாற்றினால் கலையின் மானம் போகாது போலிருக்கிறது.

பயோவேரை நிறுவியவர்களில் ஒருவரான ரே முசைக்கா மார்ச் 21ஆம் தேதி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கேம்கள் ஒரு கலை வடிவம் என்று தாம் மனதார நம்புவதாக அதில் சொன்னார். நம்பட்டும், நானும் நம்புகிறேன். ஆனால் பேட்டியில் வாக்குக் கொடுத்த அன்றைக்கும் பத்து டாலர் ஜாவிக்கை அலமாரியில் வைத்த அன்றைக்கும் இந்தக் கலைஞர் எங்கே போயிருந்தார்? வணிக நேர்மையைக் கவனிக்கும் அமெரிக்காவின் பெட்டர் பிசினஸ் பீரோவைச் சேர்ந்த ஒருவர், இதைப் பொய் விளம்பரம் என்றே சொல்லலாம் என்று எழுதினார். கலை பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பில் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

ரசிகர்களும் சுத்தத் தங்கம் இல்லை. எழுத்தாளர்களை அசிங்கமாகத் திட்டியவர்கள் இருந்தார்கள், அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அமெரிக்காவின் ஆக மோசமான கம்பெனி எது என்று கன்ஸ்யூமரிஸ்ட் இணையதளம் நடத்திய வாக்கெடுப்பில், ஜனங்களின் வீடுகளை ஏலத்துக்குக் கொண்டுபோன பேங்க் ஆஃப் அமெரிக்காவைத் தோற்கடித்து எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை ஜெயிக்க வைத்தார்கள். வீடு போனவன் சிரித்திருப்பான். ஆனால் அதே கூட்டம்தான் எதிர்ப்பின் பெயரால், ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் சைல்ட்ஸ் பிளே அமைப்புக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டியது. எட்மன்டன் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப்கேக்குகளும் போயின. மேலே சிவப்பு, நீலம், பச்சை. கடித்தால் எல்லாம் ஒரே வெனிலா. அத்தனை விமர்சகர்கள் எழுதியதைவிட அந்த கப்கேக் சரியான விமர்சனம். கம்பெனி அதை ஊரில் இருந்த இளைஞர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. இந்த விவகாரத்தில் யாருக்காவது வயிறு நிறைந்தது என்றால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

ஜூன் 26ஆம் தேதி, காசில்லாமல், நீட்டித்த முடிவு ஒன்றைக் கொடுத்தார்கள். வாசல்கள் வெடிக்காமல் சேதத்தோடு நின்றன. தோழர்கள் கப்பலேறியது எப்படி என்பதற்கும் விளக்கம் வந்தது: போர்க்களத்தின் நடுவில் நார்மண்டி வந்து இறங்குகிறது, விடைபெறுகிறார்கள், கண் கலங்குகிறார்கள். எதிரே நிற்கும் ராட்சச ரீப்பர் ஹார்பிஞ்சர் அதுவரை சுடாமல் மரியாதையாகக் காத்திருக்கிறது. கூடவே நாலாவது வழியும் வைத்தார்கள். மூன்றும் வேண்டாம் என்று சொல்லலாம், அல்லது அந்தப் பையனைச் சுடலாம். சுட்டால் பையனின் குரல் கட்டையாகிறது, அண்டம் முழுக்க எல்லாரும் சாகிறார்கள். கேள்வி கேட்ட ரசிகனுக்குக் கம்பெனி கேமுக்குள்ளேயே எழுதிய பதில் அது. அவ்வளவு நேர்மையான வரி அந்த முடிவில் வேறு இல்லை.

2021 மே மாதம் மூன்று பாகத்தையும் மெருகேற்றி 60 டாலருக்கு மறுபடி விற்றார்கள். டாலி என்ற நாயகியின் முகத்துக்கு முதலில் கடையில் வாங்கிய ஒரு போட்டோவை ஒட்டியிருந்தார்கள், அதைக்கூட மாற்றினார்கள். மல்டிபிளேயரை எடுத்தார்கள், ஜாவிக்கை உள்ளே சேர்த்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை அப்படியே இருக்கிறது. அடுத்த மாஸ் எஃபெக்டுக்கு 2020 டிசம்பரிலேயே முன்னோட்டம் காட்டியாயிற்று. முன்பதிவு தொடங்கும், உங்கள் முடிவே எங்கள் கதை என்று இன்னொரு பேட்டியும் வரும். கையை அடக்குங்கள். வெளியாகி ஒரு மாதம் போகட்டும், கடைசிவரை ஆடிய யாரையாவது பிடித்து முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு வாங்குங்கள். முன்பணம் மட்டும் கட்டாதீர்கள்.